நீலத் துணியும் வலது காலும்

நீலத் துணியை உயர்த்துகிறேன், வலது காலும் கூடவே எழுகிறது, இரண்டு வருடமாக அசையாத கால், கல்யாண பேனர் கட்டப்போய் மணமக்கள் படத்தோடு நானும் கீழே வந்த நாளிலிருந்து என் சொல்லைக் கேட்காத கால், இதோ மெல்ல, மரியாதையாக எழுகிறது, அடேய், காலு வந்துருச்சுடா என்று பக்கத்துச் சக்கர நாற்காலியில் நாச்சிமுத்து கத்துகிறான், எனக்கும் கண் கலங்கிவிட்டது, துணியை இறக்கினேன், காலும் இறங்கியது, பயிற்சி தரும் அமலி டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு, காலு வரலைங்க, போட்டிருக்கற பேன்ட்டையும் சேர்த்துத் தச்சுட்டாரு என்றார்.

எப்படி நடந்தது என்றால், எங்கள் தையல் பயிற்சி மையத்தில் மெஷினின் மோட்டார் மிதியைக் கழற்றி மேசையின் வலது ஓரத்தில் பொருத்தியிருப்பார்கள், முழங்கையால் லேசாக அழுத்தினால் ஊசி நடக்கும், இன்னும் அழுத்தினால் ஓடும், இரண்டு கையும் துணிக்கே, எவ்வளவு அழகான யோசனை, ஆனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும், கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கி முப்பது எண்ண வேண்டும், இல்லாவிட்டால் உட்கார்ந்த இடம் புண்ணாகும், வலித்துச் சொல்ல வேண்டிய தோல் எங்களுக்குச் சொல்லாது, அன்று சட்டை தைக்கும் தேர்வு, அதன் நடுவிலும் மணி அடித்தது, தூக்கினேன், உட்கார்ந்தேன், தொளதொள பேன்ட்டின் மடிப்பு தைத்துக்கொண்டிருந்த நீலச் சட்டையின் கையோடு சேர்ந்து மேசையேறியதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, கால் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

தேறினால் மெஷினோடு வீடு, தவறினால் இன்னும் ஆறு மாதம் மச்சான் வீட்டு டிவிக்கு எதிரே மூட்டையாக நான், தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்த அம்மா சிரிக்கவில்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தையலைப் பிடித்து ஓர் இழு இழுத்தார், கால் எழுந்தது, விட்டார், விழுந்தது, மறுபடி இழுத்தார், பிரியலையே, ஒரு காலையே தூக்குதே என்று முணுமுணுத்து எதையோ எழுதினார், ஏனுங்கம்மா, ஃபெயிலுங்களா என்றேன், பாஸ்தான் தம்பி, ஆனா துணியைக் குடுக்கறப்ப நீங்களும் கூடவே போயிரக் கூடாது என்றார், நாச்சிமுத்து சிரித்த சிரிப்பில் அவன் முழங்கை மிதியில் பட்டு வெறும் மெஷின் தடதடவென ஓடியது.

அந்தத் தடதடப்பு கனவிலும் கேட்கிறது, கனவில் கால் நீலத் துணியை இழுத்துக்கொண்டு தன் பாட்டுக்கு நடந்துபோகிறது, நில்லு நில்லு என்கிறேன், மணி அடிக்கிறது, இது கனவல்ல, மெஷின் முன்னாலேயே கண்ணயர்ந்திருக்கிறேன், என் வீட்டு மேசைமேல் நானே வைத்த மணி, இடுப்பைத் தூக்குகிறேன், முப்பது, உட்கார்ந்து மடியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறேன், தம்பி, ஜாக்கெட் ஆச்சா என்று பக்கத்து வீட்டு ரங்கநாயகி அக்கா வந்து நிற்கிறார், ஆச்சுங்கக்கா, நூலைக் கத்தரித்து நீலத் துணியை உயர்த்துகிறேன், ஓரக்கண்ணால் வலது காலைப் பார்க்கிறேன், அசையவில்லை, அப்பாடா.