பதினேழாம் நம்பர் காத்தாடி

ஐயப்பன் கள்ளன்தான். அஜிதாவுக்கு அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. ஆரல்வாய்மொழியில் காற்றிலிருந்து கரண்டு எடுக்கிற காத்தாடி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள் அவள். பதினேழாம் நம்பர் காத்தாடியைப் பார்த்துக்கொள்கிறவர் ஐயப்பன். ரிப்பேருக்கு ஒருநாள் நின்றது, அப்புறம் நன்றாக ஓடுகிறது என்று பதினோரு நாளாகக் கரண்டு யூனிட்டைக் கம்ப்யூட்டரில் அடித்து வைக்கிறார் மனுஷன். அஜிதாவின் புரோகிராமோ பதினோரு நாளும் சைபர் என்கிறது.

புரோகிராம் அவளே எழுதியது. யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. நாகர்கோவில் நெட் சென்டரில் கண்டதையும் காப்பியடித்துக் கற்றது. ஆரம்பத்தில் ஓட்டும்போதெல்லாம் 'பிழை' என்று திரையில் ஒரு பெட்டி வந்து மானத்தை வாங்கும். எங்கிருந்தோ ஒரு வரி கிடைத்தது: பிழை வந்தால் ஒன்றும் சொல்லாதே, அடுத்த வரிக்குப் போ. அதை எல்லாப் புரோகிராமுக்கும் தலைப்பில் வைத்தாள். அப்புறம் ஒரு பெட்டியாவது வரவேண்டுமே! பிப்ரவரியில் ஒன்பதாம் நம்பர் காத்தாடியைப் பார்த்துக்கொண்ட சிலுவை என்கிறவரைப் பொய்க்கணக்கு என்று பிடித்துக் கொடுத்ததும் இந்தப் புரோகிராம்தான். மேனேஜர் ஞானசிங் அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நேற்று பஸ்ஸில் போகையில் பதினேழு சுற்றுவதை இவளே கண்ணால் பார்த்தாள். 'நான் வர்றது தெரிஞ்சு ஓட்டுதான், களவாணி!' என்று பல்லைக் கடித்தாள்.

இன்று சாயங்காலம் ரிப்போர்ட் போனால் ஐயப்பனுக்கும் வேலை இல்லை. அவர் அஜிதாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மக்கா, நான் பொய் சொல்லல்ல. மூணு பிள்ளைங்க படிக்குது. அந்த மெஷினுக்குத் தப்பே வராதா?"

"எனக்க புரோகிராம்ல ஒரு வருஷமா ஒரு தப்புகூட வந்ததில்ல அண்ணாச்சி."

"ஒண்ணுகூடவா? அப்படியும் ஒரு பிறவி உண்டுமா?"

அஜிதாவுக்குச் சுருக்கென்றது. வீம்புக்குத்தான் பிழையை மறைக்கிற அந்த வரியை அழித்துவிட்டு ஓட்டினாள். டக்கென்று பெட்டி வந்து நின்றது. ஐயப்பன் எண்ணுக்குப் பக்கத்திலேயே 'ரிப்பேருக்குப் பின்' என்று அக்கறையாகச் சேர்த்து அடித்திருக்கிறார். எழுத்து கலந்தால் புரோகிராமுக்கு வாசிக்க வராது. வாயை மூடிக்கொண்டு, ரிப்பேர் நாளின் சைபரையே பதினோரு நாளும் போட்டிருக்கிறது.

"தப்பு எனக்குத்தான் அண்ணாச்சி. மேனேஜர்ட்ட நானே சொல்லுதேன்."

ஐயப்பன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார், "சிலுவையும் பொய் சொல்லல்லன்னுதானே மக்கா சொன்னான்."

அவள் பிப்ரவரி ஃபைலைத் திறந்தாள். அந்த வரி இல்லாமலே அதையும் ஓட்டினாள். பெட்டி வந்தது. ஒன்பதாம் நம்பர்.

"சிலுவை அண்ணனுக்க வீடு எங்க?" என்று கேட்கும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.