முழங்காலுக்குக் கீழே நான்கு விரல்

பேருந்து மார்க்கெட் நிறுத்தத்தை நெருங்கும்போதே டிரைவர் தன் மகளைப் பார்த்துவிட்டாள். பள்ளி நேரத்தில் அவள் அங்கே நிற்கக் கூடாது. அதிலும் இடுப்பில் ஒரு பச்சைத் துணியைச் சுற்றி, அது நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கதவு திறந்ததும் மகள் ஏறி, அம்மாவுக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். என்னடி இது என்று கேட்டதற்குத் துணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் தெரிந்தது அழுது முடித்த முகம். பேருந்து நிறைய ஆட்கள். கடைசி நிறுத்தம்வரை ஓட்டித்தான் ஆக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

டெப்போவில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது, அதுவும் துண்டு துண்டாக.

விடுமுறையில் மகள் மளமளவென்று வளர்ந்துவிட்டாள். இனி ஒட்டடை அடிக்க ஸ்டூல் வேண்டாம் என்று அவள் அப்பா கேலி செய்வார். நெட்டை என்றுதான் கூப்பிடுவார். பழைய சீருடை ஸ்கர்ட்டின் மடிப்பைப் பிரித்து, இருந்த துணியையெல்லாம் இறக்கித் தைத்திருந்தாள் அம்மா. புதியதைப் பள்ளிக் கடையில்தான் வாங்க வேண்டும், வெளியே வாங்கினால் செல்லாது. அங்கேயோ இந்த அளவு தீர்ந்துவிட்டது, வந்தால் சொல்கிறோம் என்று கைவிரித்துவிட்டார்கள்.

விதிப்படி ஸ்கர்ட் முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் இறங்க வேண்டும். ஒழுங்குக்குப் பொறுப்பான ஆசிரியை காலை வரிசையில் நெட்டையை முன்னால் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்க மண்டியிடச் சொன்னார். மண்டியிட்டால் ஓரம் தரையைத் தொட வேண்டுமாம். தொடவில்லை. கடையில் இல்லை என்று இவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆசிரியர் அறை ஜன்னலில் தொங்கிய பச்சைத் திரையைக் கழற்றி வந்து, இடுப்பில் சுற்றி ஊக்குக் குத்தி, இன்று முழுக்க இப்படியே இரு என்றார். வகுப்புக்குள் நுழைந்ததும் பையன்கள் ஜன்னல், ஜன்னல் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அடுத்துக் கணக்குப் பரீட்சை. நெட்டை பையைக்கூட எடுக்காமல் வாசலைத் தாண்டி நடந்துவிட்டாள்.

அம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரக்காப்பாளரிடம் போய், அடுத்த நடைக்கு வேறு ஆளைப் போடச் சொன்னாள். அவர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அந்தப் பச்சைத் துணியைப் பார்த்துவிட்டுப் போய் வரச் சொன்னார்.

மகள் வரமாட்டேன் என்றாள். நீ வந்து கத்தினால் நாளைக்கு அதையும் சேர்த்துச் சிரிப்பார்கள் என்றாள். அம்மா கேட்கவில்லை. ஊக்குகளைக் கழற்றி, திரையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

தலைமையாசிரியர் மரியாதைக்காரர். உட்காரச் சொல்லி, தண்ணீர் வரவழைத்து, ஆசிரியையையும் கூப்பிட்டனுப்பினார். விதி எல்லோருக்கும் பொது என்றார், பிள்ளையின் பாதுகாப்புக்காகத்தான் என்றார். அவர் இதமாகப் பேசப் பேச அம்மாவுக்கு எரிகிற தீயில் எண்ணெய் விட்டதுபோல் இருந்தது. கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பசங்களும் படிக்கிற இடம்மா இது. அவங்க கவனம் சிதறிடக் கூடாது இல்லையா?"

அம்மா திரையைத் தூக்கி மேசைமேல் போட்டாள்.

"அப்போ சிதறுறவன் கண்ணுல கட்டுங்க இத. எம்பொண்ணு இடுப்புல ஏன் கட்டுனீங்க?"

தாயே இப்படிப் பேசினால் பிள்ளைக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்று ஆசிரியை குறுக்கே புகுந்தார். அவ்வளவுதான், அம்மா எழுந்துவிட்டாள். விற்பதும் நீங்கள், இல்லை என்பதும் நீங்கள், இல்லாததற்கு மண்டிபோட வைப்பதும் நீங்களா என்று கேட்டாள். பிள்ளை வளர்ந்தது குற்றமா என்று கேட்டாள். நெரிசலில் ஹாரன் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். வராந்தாக் கடைசிவரை கேட்டது. பக்கத்து வகுப்புகள் கப்சிப்பென்று அடங்கிவிட்டன.

அந்த அமைதியில் மகள் வாய் திறந்தாள்.

"அம்மா, போதும். உக்காரு." பிறகு தலைமையாசிரியரைப் பார்த்தாள். "எனக்குக் கணக்குப் பரீட்சை போச்சு சார். இவ்ளோ நேரம் பேசுறீங்க, அத ஒருத்தர்கூடக் கேக்கல."

நாளைக்கு எழுதலாம் என்று தலைமையாசிரியர் ஒருவழியாகச் சொன்னார். இப்போதே எழுதுகிறேன் என்றாள் மகள்.

வினாத்தாளை ஆசிரியையே போய் எடுத்து வர வேண்டியதாயிற்று. அம்மாவின் சட்டைப்பையிலிருந்த பேனாவை வாங்கி, தலைமையாசிரியரின் மேசை ஓரத்தில், அதே ஸ்கர்ட்டோடு உட்கார்ந்து நெட்டை எழுதினாள். ஆசிரியை கதவருகே நின்றுகொண்டிருந்தார். மன்னிப்பு என்ற சொல் கடைசிவரை அவர் வாயில் வரவில்லை.

மறுநாளிலிருந்து மண்டியிட வைப்பது நின்றுபோனது. நான்கு விரல் விதி மட்டும் அறிவிப்புப் பலகையில் அப்படியே இருக்கிறது. அதையும் எடுக்க வைக்க வேண்டும் என்று அம்மா மற்ற பெற்றோரைப் பார்த்துப் பேசினாள். சிலர் கூட வருகிறோம் என்றார்கள். பிள்ளை படிக்கிற இடத்தில் நமக்கெதற்கு வம்பு என்று சிலர் நழுவிவிட்டார்கள்.

கணக்கில் அவளுக்கு வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் வந்தது. எழுதும்போது மனம் கணக்கில் நிற்கவில்லை என்றாள். அப்படியென்றால் அவர் சொன்னபடி மறுநாள் எழுதியிருக்கலாமே என்று அம்மா கேட்டாள்.

"நாளைக்குன்னா அவங்களுக்கு மறந்து போயிருக்கும்மா."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். வேறொரு நாளாக இருந்தால் அம்மா திட்டியிருப்பாள். அன்றைக்கு அவளுக்கான சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்தாள்.