மாடியறையில் ஒரு டாக்டர்

பாரிஸில் ஒக்தாவ் ப்ரெஸ்லேயைப் பழம்பொருள் வியாபாரி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சாம்பல் நிறக் கோட்டு, மெருகேற்றிய காலணி, பெண்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றும் பழக்கம். அவர் திருடிய வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர்கூட உடைந்ததில்லை.

அந்த ஞாயிறு மதியம் ஊரே குதிரைப் பந்தயத்துக்குக் கிளம்பியிருந்தது. தெலோர்ம் தம்பதியும் போயிருப்பார்கள் என்று நம்பி அவர்கள் வீட்டு மாடியேறினார். நகைப்பெட்டியைத் திறந்து முத்துமாலையை எடுத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"டாக்டரா? வந்துட்டீங்களா?"

அவர் திரும்பினார். திரை போட்ட கட்டிலில் மதாம் தெலோர்ம் கிடந்தாள். நாற்பது வயதுதான் இருக்கும். முகம் மெழுகாக வெளுத்திருந்தது. தலையணையெல்லாம் உதிர்ந்த முடி.

"ஆமா மதாம். அசையாமப் படுங்க." மாலையைச் சட்டைப்பைக்குள் நழுவவிட்டார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "என் புருஷன் குடுக்கிற சூப்பக் குடிச்சாத்தான் வயிறு எரியுது. வேலைக்காரியையும் நிறுத்திட்டாரு. என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஜன்னல் திறந்திருந்தது, குதித்தால் தோட்டம், அதைத் தாண்டினால் தெரு. அவள் விரல்கள் இன்னும் இறுகின.

தெலோர்ம் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். அந்நியனைக் கண்டும் அவர் பதறவில்லை. அதுதான் ஒக்தாவைக் கலங்கடித்தது.

"நான் டாக்டரக் கூப்பிடலையே?"

"மதாம் சொல்லியனுப்பினாங்க, முசியே."

"இவளா? எழுந்து நிக்கவே முடியாதவளா?" தெலோர்மின் பார்வை நகைப்பெட்டியில் விழுந்தது. மெல்லச் சிரித்தார். கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சரி, வந்தது வந்துட்டீங்க. சூப்பு ஆறிடும். ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, டாக்டர்."

ஒக்தாவ் கிண்ணத்தை வாங்கினார். தெலோர்ம் கணப்பருகே கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தார்.

ஒக்தாவ் கிண்ணத்தோடு ஜன்னலுக்குப் பாய்ந்து, வாழ்நாளெல்லாம் எதைக் கேட்டு நடுங்கினாரோ அதையே தெருவைப் பார்த்துக் கத்தினார்.

"திருடன்! திருடன்! போலீஸக் கூப்பிடுங்க!"

கம்பி தோளில் இறங்கியது. எலும்பு முறிந்தது அவருக்கே கேட்டது. கிண்ணத்தை மார்போடு அணைத்தபடி மூலையில் குறுகினார். அடுத்த அடி தலையில்தான் என்று கண்களை மூடிக்கொண்டபோது, கதவை உடைத்துக்கொண்டு ரோந்துப் போலீஸார் நுழைந்தார்கள்.

"திருடன் நான்தான்," என்றார், மாலையை நீட்டி. "மாலை இந்தா இருக்கு. ஆனா இந்தச் சூப்பக் கீழ கொட்டிடாதீங்க. சோதிச்சுப் பாருங்க."

சூப்பில் ஆர்செனிக் விஷம் இருந்தது. தெலோர்ம் ஆயுள் சிறைக்குப் போனார்; ஒக்தாவுக்கு இரண்டு வருஷம்.

உடம்பு தேறிய மதாம் சிறைக்கு வந்து பார்த்தாள்.

"உங்கள ஏமாத்திட்டேன், மதாம்," என்றார் ஒக்தாவ்.

"எங்க ஏமாத்துனீங்க? எந்த டாக்டர் வந்ததும் நகைப்பெட்டியத் திறப்பாரு? அந்த வீட்டுக்குள்ள வேற யாருமே வரல, முசியே. அதான் உங்களப் பிடிச்சுக்கிட்டேன்."