இடம்புரி முடிச்சு

மரபிழையில் முடிச்சு விழும் விதத்தைக் கண்டுபிடித்தவள் என்று சின்னவளுக்கு ஆய்வுக்கூடத்தில் நல்ல பேர். அன்று காலை வரைக்கும்.

மரபிழை, அதாவது டி.என்.ஏ.வும் நூல் மாதிரிதான், தனக்குத்தானே சிக்கிக்கொள்ளும். வளையமாக மூடிய இழையில் இடம்புரியாக விழுந்த முடிச்சை எப்படி இழுத்தாலும் வலம்புரி ஆகாது. கண்ணாடியில் பார்த்தால்தான் ஆகும். ஒரு நொதி போடும் முடிச்செல்லாம் இடம்புரி என்று சின்னவள் எழுதினாள். அவளுக்கு முன்பே, அதே கூடத்தில், வலம்புரி என்று எழுதியவள் அவளுடைய அக்கா. சின்னவளின் படங்களைச் சாட்சியாக வைத்து, படத்தைத் திரித்தாள் என்று விசாரணை நடத்தி அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

நுண்ணோக்கிக்குள் இழையைத் தாங்கும் செப்பு வலையில், இடம் தெரிவதற்காக ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். சின்னவள் வழக்கமாகப் படமெடுக்கும் கட்டங்களில் ஏ, எச், எம். அவற்றைத் திருப்பிப் போட்டாலும் ஒரே மாதிரி இருக்கும். அன்று கட்டம் தள்ளிப்போய் எஃப் விழுந்தது, அதுவும் இடவலம் மாறி.

வலையைக் கவிழ்த்து வைத்ததால் எழுத்து மாறியிருந்தால் பிழைத்தாள், முடிச்சைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் இடம்புரி இடம்புரிதான். எடுத்துப் பார்த்தாள். சரியாகத்தான் வைத்திருந்தாள். கணினியில் கேமராவின் அமைப்பைத் திறந்தாள். 'படத்தை இடவலம் மாற்று' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. கேமராவைப் புதிதாகப் பொருத்திய நாளிலிருந்தே இருந்திருக்கிறது. அக்கா பார்த்தது பழைய கேமராவில்.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நீ சொன்னதுதான் சரி. புதுக் கேமரா படத்தைத் திருப்பிக் காட்டியிருக்கு."

"தெரியும்டி."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"விசாரணையில எழுதியே குடுத்தேனே. புதுக் கேமராவுல படம் திரும்பி விழுதான்னு பாருங்கன்னு. ஏழாம் பக்கம். எல்லாத்தையும் படிச்சேன்னு கீழ சாட்சியா நீதானே கையெழுத்துப் போட்டிருந்த."

சின்னவள் போட்டிருந்தாள். படிக்கவில்லை. அக்காதானே, அழுது புலம்பியிருப்பாள், அதைப் படித்தால் மனசு இளகிவிடும் என்று நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டாள். அது நேர்மை என்றுகூட அன்று நினைத்தாள்.

"நீ படிச்சுட்டுத்தான் போட்டன்னு நெனச்சேன்," என்றாள் அக்கா. "அதான் அப்புறம் பேசல."

அக்கா போனை வைக்கவில்லை. சின்னவள் கணினியில் அந்த விசாரணை அறிக்கையைத் தேடி, ஏழாம் பக்கத்தைத் திறந்தாள்.