பொட்டு வைத்த தாள்

மருதங்குளம் தாலுகா ஆபீசில் ஒருவருடைய விவரத் தாள் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அந்த ஆள். அதனால் ஊரார் தாள்களையெல்லாம் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி உதவியாளர் பொற்கொடியிடம் இருந்தது.

ஆயுத பூசைக்கு ஆபீசைக் கழுவிப் பதிவேடுகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பொற்கொடிக்கு ஒரு சின்ன ஆசை. ஏழு வயது மகள் மகிழினியின் தாளை மட்டும் வெளியே எடுத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். பெற்றவள் வேறென்ன செய்வாள்? ஈரம் காயட்டும் என்று பழைய செய்தித்தாள் கட்டின்மேல் வைத்துவிட்டுக் கற்பூரம் தொட்டுக் கும்பிடப் போனாள். திரும்பினால் கட்டைக் காணோம். பழைய பேப்பர்காரர் எடுத்துப்போய் எதிர் டீக்கடையில் போட்டுவிட்டாராம்.

செருப்புகூட மாட்டாமல் ஓடினாள்.

கடை பெஞ்சில் லாரி டிரைவர் சூசைமாணிக்கம், சந்தனம் வைத்த தாளில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். அறுபது வயது, கிடா மீசை. பொற்கொடியைப் பார்த்ததும் அவர் உதடு பிதுங்கியது.

"அம்மா, பசிச்சுதும்மா. அதான் சொல்லாம வந்துட்டேன். அடிக்காத."

"அடிக்க மாட்டேன் கண்ணு. அந்தப் பேப்பரை மட்டும் அம்மாகிட்ட குடு."

அவர் நீட்டினார். அவள் வாங்குவதற்குள் பெஞ்சடியில் நின்ற ஆடு தாளைப் பிடுங்கி மென்று விழுங்கிவிட்டது. சூசைமாணிக்கம் மீசையை ஒதுக்கிக்கொண்டு இன்னும் ரெண்டு பஜ்ஜி கேட்டார்.

தாசில்தார் வந்து பார்த்தார். தாள் தொலையவில்லை, உள்ளேதான் இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். தீபாவளி நெருங்குவதால் ஆட்டைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளிடமே ஒப்படைத்தார்.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் அதன் நெற்றியை வருடிக்கொண்டே வந்தாள். வாசற்படியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடை, ஒரு பக்கம் அவிழ்ந்த ரிப்பன். பார்த்ததும் பொற்கொடி எதனாலோ நின்றுவிட்டாள்.

"யார் வீட்டுப் பிள்ளைம்மா நீ?"

"தெரியலக்கா."

பாவமாக இருந்தது. பையிலிருந்த பூசைப் பொரியில் ஒரு பிடி அள்ளி அவள் கையில் கொடுத்தாள். பார்த்துப் பத்திரமாக வீட்டுக்குப் போகச் சொன்னாள். பிறகு மகளுக்குப் பனி ஆகாது என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.