ஏரிக்கரை ஏலம்

கூடாரத்துக்குள் கட்டில், கட்டில்மேல் மெத்தை, பக்கத்திலேயே வெந்நீர் வரும் குளியலறை. இதற்கு வீட்டிலேயே படுத்துக் கிடக்கலாமே என்றுதான் நான் முதலில் சொன்னேன். கொழுந்தன் விடுவதாக இல்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினான். மலைமேல் ஏரி, கரையோரம் வெள்ளைக் கூடாரங்கள், நடுவில் நெருப்பு மூட்டக் கல் வட்டம். இதற்குப் பெயர் கிளாம்பிங்காம். வருஷாவருஷம் அதே ஏரிக்குத்தான் போகிறோம், தரையில் பாய் விரித்துத்தான் படுத்தோம். அண்ணன் உடம்பு இப்படி ஆனபிறகு இந்த வருஷமாவது சொகுசாகப் போகலாம் என்பது அவன் ஏற்பாடு.

என் வீட்டுக்காரர் காய்கறி மண்டியில் ஏலம் போடுகிறவர். போட்டவர் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. தொண்டையில் வந்த கட்டிக்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். அதன்மேல் கட்டிக்கொள்ளும் துணியை நான்தான் தைத்துத் தருகிறேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த பேசும் கருவியை ஒரே ஒரு தடவை கழுத்தில் வைத்துப் பார்த்தார். டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி ஒரு சத்தம் வந்தது. எடுத்து அலமாரியில் வைத்தவர் பிறகு தொடவேயில்லை. இப்போது எல்லாம் சிலேட்டில்தான், அதுவும் கஞ்சத்தனமாக இரண்டு வார்த்தை.

எப்பேர்ப்பட்ட குரல் அது! மண்டி வாசலில் இவர் வாயைத் திறந்தால் தெருக்கோடியில் நிற்கும் லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான். ஒரு தரம், ரெண்டு தரம் என்று பலகையில் தட்டுவார். இரண்டாவது தட்டலுக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தி எல்லார் முகத்தையும் பார்ப்பார், யாராவது ஏற்றிக் கேட்கமாட்டார்களா என்று. மூன்றாவது தட்டு விழுந்துவிட்டால் சரக்குக்காரனே காலில் விழுந்தாலும் மறுபேச்சு கிடையாது. ஏரிக்கரையில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்ததும் எங்களையே ஏலத்துக்கு விடுவார். கொழுந்தனின் தொப்பை, அவன் பெண்டாட்டியின் குறட்டை, என் கோபம், ஒன்றும் தப்பாது. சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிடும். நாங்கள் போனதே அதற்குத்தான், ஏரியை யார் பார்த்தார்கள்?

கழுத்துக்குள் தண்ணீர் போகக்கூடாது, புகையும் போகக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். படகும் குளியலும் அத்தோடு ஒழிந்தன. புகைக்கு என்ன வழி என்று கூடாரக்காரனுக்கே போன் போட்டேன். மலைக்காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். கடைசிக் கூடாரத்தில் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, ஐயா உள்ளே இருந்தபடியே நெருப்பைப் பார்க்கலாம் என்றான். மனுஷனை ஷோகேஸ் பொம்மையாக்கப் பார்க்கிறாயா என்று அவனை ஒரு பிடி பிடித்தேன். பாவம், அவன் என்ன செய்வான்.

நெருப்பே வேண்டாம், விளக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றான் கொழுந்தன். இவர் சிலேட்டை எடுத்து 'நெருப்பு வேணும்' என்று எழுதிக் கீழே கோடும் போட்டார். ஆக, அந்தக் கண்ணாடி ஜன்னல்தான் என்று ஆயிற்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கொழுந்தனுக்கு நல்ல மனசு, ஆனால் யோசனை கம்மி.

"ஏலத்துக்கும் கவலையில்லண்ணே. போன வருஷம் எடுத்த வீடியோ இருக்கு. நெருப்புகிட்ட ஸ்பீக்கர்ல போட்டுடலாம்," என்று சொல்லிக்கொண்டே அதைத் தட்டிவிட்டான்.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரல் எங்கள் வீட்டில் கேட்டதே இல்லை.

"அடுத்த சரக்கு, கோபம் ஒரு மூட்டை! கலப்படம் கிடையாது. காலைல எழுந்ததுமே சுடச்சுடக் கிடைக்கும். யார் கேக்கறீங்க?" வீடியோவில் எல்லாரும் உருண்டு சிரித்தார்கள். யாரும் கேட்கவில்லை. "சரி, யாருக்கும் வேணாம்னா நானே எடுத்துக்கறேன். எனக்குப் பழகிப்போச்சு."

இவரைப் பார்த்தேன். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தார். பிறகு கையை நீட்டி வீடியோவை நிறுத்தினார்.

கொழுந்தன் முகம் சுருங்கிப்போயிற்று. "அண்ணே, நீங்க வர்றீங்கதானே? கூடாரக்காரன்கிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டான்.

இவர் சிலேட்டைத் தொடவில்லை. விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டு தட்டினார். இன்னொரு தட்டு. அப்புறம் நிறுத்தினார். தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் முகத்தில் கண்ணை வைத்துக் காத்திருந்தார்.

அந்த நிறுத்தம் எனக்குத் தெரியாதா? நான் ஏற்றிக் கேட்கவேண்டும் என்று காத்திருக்கிறார். வாங்க, ஜன்னலும் வேணாம் ஒண்ணும் வேணாம், புகை வந்தா நான் பக்கத்துல உட்கார்ந்து விசிறிவிடறேன் என்று ஏதாவது ஒரு அசட்டுப் பேச்சு போதும், வந்திருப்பார். கூடாரக்காரனைக் கிழித்த அதே வாய்தானே இது. ஆனால் போன மாதம் அடுப்பில் மிளகாய் வறுத்த நெடிக்கே இவருக்கு மூச்சு முட்டி உதடு நீலமாகிப்போனதைப் பார்த்தவள் நான். வாங்க என்று சொல்லப் பயம். வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை. பாழாய்ப்போன நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது தட்டு விழுந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. எழுந்து, கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி. நீங்க சொன்னா வருவாரு," என்றான் கொழுந்தன்.

"மூணு தரமும் தட்டியாச்சு தம்பி," என்றேன்.