முப்பத்தெட்டாம் வளவு

புயலில் கூரை போன மாதா கோயிலிலிருந்து ஒரு வாங்குப் பலகையைத் தூக்கி வந்து தறப்பாளின் கீழே போட்டு, அதன்மேல் படிவங்களைக் கல்லால் அமர்த்தி வைத்திருந்தான் பேர்னாட். வரிசை வாவிக்கரை வரைக்கும் நீண்டிருந்தது. தலை முறிந்த தென்னைகளில் நிழல் இல்லை. பெண்கள் சேலைத்தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

எழுபத்தெட்டுக் கார்த்திகையில் புயல் அடித்து மூன்று மாதமாகியிருந்தது. கரையில் அழிந்த நாற்பது வீட்டுக்குப் பதிலாக மேட்டில் நாற்பது கல்வீடு கட்டப்போகிறார்கள். யாருக்கு எந்த வீடு என்ற கணக்கெடுப்பு பல்கலைக்கழகத்துக்கு வந்தது. பேர்னாட் பக்கத்துப் பெரியகல்லாற்றுப் பிள்ளை. குடியிருப்புத் திட்டமிடல் படித்துவிட்டு அங்கே தற்காலிக விரிவுரையாளனாக இருந்தான். படிவத்தைத் தயாரித்தவன் அவன்தான். 'ஒருவரும் விடுபடக் கூடாது' என்று அதன் தலையிலேயே எழுதியிருந்தான்.

மக்டலினின் முறை வந்தது.

"குடும்பத் தலைவர்ர பேர் சொல்லுங்க அக்கா."

"பஸ்தியாம்பிள்ளை. அவர்தான் இல்லையே தம்பி. புயலண்டு தோணியை இழுத்துக் கட்டப் போனவர். தோணி கரையில கிடந்திச்சு."

 அவன் அடுத்த கேள்வியைக் கேட்டான். "இப்ப வீட்டுக்குப் பொறுப்பான ஆம்பிளை ஆரு?"

"பொறுப்பெண்டா... அவர்ர தம்பி அருளப்பு இருக்கார். மீன் கீன் பட்டாக் கொண்டந்து தாறவர்."

பின்னால் நின்ற சீதேவிப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "ஆம்பிளைக்கு ஏது கா வீடு? கலியாணம் முடிச்சா உடுப்புப் பெட்டியோட பொண்டாட்டி வீட்டுக்கு வாறவன். உன்ட கொப்பரும் அப்பிடித்தான் வந்தவர் மனே!"

வரிசை சிரித்தது. பேர்னாட்டும் சிரித்தான். அவனுக்குத் தெரியாததா? தாயின் வீடு அக்காள் பீற்றிஸுக்குச் சீதனமாகப் போய்விட்டது. ஊருக்கு வந்தால் அந்த வீட்டில் அவனும் விருந்தாளிதான்.

"தெரியும் மாமி. இது சும்மா ஒரு தலைப்பு" என்று சொல்லி, முதற் கட்டத்தில் அருளப்பு என்று எழுதினான்.

"வீடும் வளவும் என்ட அம்மா எனக்குத் தந்தது" என்றாள் மக்டலின். "மறுகா எங்கட மகள் எமிலிக்கு. மாப்பிள்ளைப் பகுதி அதைக் கேட்டுத்தான் ஓமெண்டவங்க. அதையும் எழுதுங்க தம்பி."

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதினான்.

வைகாசியில் கோயில் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். முப்பத்தேழு, அருளப்பு. முப்பத்தெட்டு, அருளப்பு. மக்டலின் என்ற பேர் எங்கும் இல்லை.

பேர்னாட் திட்ட அலுவலகத்துக்கு ஓடினான். எழுதுவினைஞர் நல்லரத்தினம் கட்டைப் பிரித்து அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டினார்.

"ஓரத்தில எழுதினது தட்டச்சில வராதே சேர். ரெண்டு அருளப்பு இருக்காங்களாக்கும் எண்டு நினைச்சம். கோயில் ஊரில ஒரு பேரில நாலு பேர் இருப்பாங்க."

"திருத்தலாம்தானே?"

"கணக்கெடுப்புப் பிழையெண்டு உங்கட பேராசிரியர்ர கையெழுத்தோட கடிதம் கொண்டாங்க. ஆனா பட்டியல் முழுக்கத் திரும்பிப் போகும். மாரிக்கு முன்னம் ஒருத்தருக்கும் வீடு வராது."

கடிதத்தை அன்றே எழுதினான். பேராசிரியர் இரண்டு தரம் வாசித்தார். "உம்முடைய படிவத்தைத்தான் மற்ற மாவட்டங்களுக்கும் அனுப்பப் போறம் பேர்னாட். உமது நிரந்தர நியமனமும் இந்த அறிக்கையோடதான் நிக்குது. ஒரு வீட்டை ஊருக்குள்ளேயே பேசித் தீர்க்கலாமே" என்று சொல்லி, கையெழுத்திடாமல் அதைத் திருப்பிக் கொடுத்தார். பேர்னாட் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினான்.

அருளப்பு தோணியடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு வந்தனீ எண்டு தெரியும். நானா கேட்டு வாங்கினன்? நீ எழுதினது."

"பிழையா எழுதிட்டன் அண்ணன். உங்களுக்கு என்னத்துக்கு ரெண்டு வீடு?"

"எனக்கு ஒரு வீடே தேவையில்ல மனே. நான் கிடக்கிறது பொண்டாட்டிர வீட்டில. ஆனா எனக்கு ரெண்டு பொம்பிளைப் புள்ள. மூத்தவளுக்குத் தாய்ர வீடு, முப்பத்தேழு. இளையவளுக்கு நான் எங்க போற? வீடில்லாதவளை ஆரு முடிப்பான்?" ஊசி இரண்டு கண்ணைக் கோத்து இறுக்கியது. அவர் நிமிரவில்லை. "அண்ணன்ட மகளுக்கும் அதே கதைதான். எனக்குத் தெரியாமலில்ல."

புரட்டாதியில் வீடுகளுக்குப் பூட்டும் திறப்பும் கொடுத்தார்கள். முப்பத்தெட்டின் திறப்பும் அருளப்புவிடமே போனது. மார்கழியில் அறிக்கை புத்தகமாக அச்சாகி வந்தது. அதற்கு ஒரு கிழமை முன்னர் பேர்னாட்டின் நியமனக் கடிதமும் வந்திருந்தது. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவன் வாவிக்கரைக்குப் போனான்.

மேட்டில் நாற்பது கூரையும் மழையில் சிவந்து நின்றன. கீழே, தண்ணீருக்குப் பத்தடி தள்ளி, மக்டலினின் ஓலைக்குடில் இருந்தது. தாய் வீட்டில் மிஞ்சிய முதிரை மரக் கதவை ஓலைச் சுவரில் நாட்டியிருந்தாள். கதவின் பாரத்தில் சுவர் ஒரு பக்கம் சரிந்திருந்தது. எமிலியின் சம்பந்தம் கலைந்த கதையை வழியிலேயே கேட்டிருந்தான். அவன் குரல் கேட்டதும் எமிலி உள்ளே போய்விட்டாள்.

மக்டலின் மணலை என்னும் மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

"வா தம்பி. கையில என்ன?"

"நம்மட கரையைப் பற்றி எழுதின புத்தகம் அக்கா."

"உன்ட பேர் போட்டிருக்கா?"

"ஓம்."

"உன்ட கொம்மா இதைப் பாக்க இருந்திருக்கோணும்." நடுவில் மடித்து வைத்திருந்த வரைபடத்தை அவன் விரித்துப் பிடிக்க, அவள் குனிந்து பார்த்தாள். "வீடெல்லாம் பெட்டி பெட்டியா வடிவாக் கிடக்கு. இதில என்ட எது?"

அவன் முப்பத்தெட்டைக் காட்டினான். அவள் சுட்டுவிரலை அதன்மேல் வைத்து, எடுத்தாள். விரலிலிருந்த மீன்செதில் ஒன்று அந்தக் கட்டத்தில் ஒட்டிக்கொண்டு பளபளத்தது.

"ஐயோ, படிச்ச புள்ளைர புத்தகம், பழுதாகிடும்" என்று பதறி, கையைச் சேலையில் துடைத்துவிட்டு, தாள் கிழிந்துவிடாமல் நகநுனியால் அந்தச் செதிலை மெல்லக் கிளப்பி எடுத்தாள். பிறகு தலைப்பின் காய்ந்த முனையால் அந்தக் கட்டத்தை இரண்டு தரம் ஒற்றித் துடைத்தாள்.